ஆலோசனை மட்டும் கேட்கவும்

வேலை தேடுகிறவன் வேலை வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்று முதலில் கண்டுபிடித்தவர் யாரோ தெரியவில்லை. அவர் கட்டாயம் வேலையில் இருந்தவராகத்தான் இருக்க வேண்டும். நம் கதாநாயகருக்கு இந்த நாகரிகம் பாதி ஆயுள் வரை தெரியாமலே போய்விட்டது. அவர் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்தவர். மீன் பெட்டிகள் உள்ளே வரும், மீன் பெட்டிகள் வெளியே போகும், நடுவில் குளிர் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. முதலாளிக்கு ஒருநாள் மீனைவிட நிலம் ருசியாகத் தெரிந்தது. கிடங்கை இழுத்து மூடிவிட்டார். தெருவில் எல்லோரும் இவரைக் கிடங்குக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். கிடங்கு போன பிறகும் அப்படியேதான் கூப்பிட்டார்கள்.

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருந்தாள். காலை ஷிப்ட் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், இவர் வீட்டோடு வந்ததும் சாயங்கால ஷிப்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் நின்றபடி தூங்கப் பழகிவிட்டாள். பஸ்ஸில் தூங்கினாள், அடுப்பில் பால் பொங்கக் காத்திருக்கும்போது தூங்கினாள். ஒருநாள் ஒருத்தர் ரத்தத்தின் மேல் இன்னொருத்தர் பெயரை ஒட்டப்போய், கடைசி நொடியில் கண்டுபிடித்து உரித்தெடுத்தாள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னாள். அன்றிலிருந்து கிடங்குக்காரருக்கு ஒரே கவலைதான். இவளை அந்த இரண்டாவது ஷிப்டிலிருந்து எப்படியாவது இறக்கிவிட வேண்டும். அதற்குத் தனக்கு ஒரு வேலை வேண்டும்.

அவர் விண்ணப்பம் போட்டார். பதில் வரவில்லை. மறுபடி போட்டார். உங்கள் விண்ணப்பம் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது என்று ஓர் இயந்திரத்திடமிருந்து பதில் வந்தது. மகிழ்ச்சியோடு நின்றுவிட்டது.

அப்போதுதான் மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி. ஒரு பெரிய நிறுவனத்தில் எதற்கோ மேலாளர். எதற்கு என்று அவனைக் கேட்டால் படம் வரைந்து காட்டுவான், படம் இன்னும் குழப்பும்.

"அத்தான், இந்தக் காலத்துல விண்ணப்பம் போட்டு எவனுக்கு வேலை கிடைக்குது? எல்லாம் தொடர்பு. நெட்வொர்க்கிங். நாலு பேரைத் தெரிஞ்சு வச்சுக்கணும்."

"எனக்குத்தான் நாலு பேரைத் தெரியுமேப்பா. லாரி டிரைவருங்க எல்லாரும் பழக்கம்."

மச்சினன் சிரித்தான். அத்தானின் அறியாமை அவனுக்கு எப்போதும் ஒரு தெம்பு கொடுக்கும். "அது பழக்கம் அத்தான். தொடர்புன்னா வேற" என்றான்.

அந்த வாரமே அவரைத் தொழில்முறை நட்புறவு மன்றத்துக்கு அழைத்துக்கொண்டு போனான்.

மன்றம் ஒரு ஹோட்டலின் முதல் மாடியில் கூடியது. கம்பளம் விரித்த அறை. ஏசி நன்றாக வேலை செய்தது. கிடங்குக்காரருக்கு முதலும் கடைசியுமாக அங்கே மனசுக்குப் பிடித்தது அந்தக் குளிர்தான். வாசலில் ஒரு பெண் அவர் சட்டையில் வெள்ளை அட்டை ஒன்றைக் குத்தினாள். புதியவருக்கு வெள்ளை, பழையவருக்கு நீலம், பழுத்தவருக்குத் தங்கநிறம். தங்கநிற அட்டைக்காரர்கள் ஜன்னலோரம் நின்றார்கள். நீலம் அவர்களைச் சுற்றி நின்றது. வெள்ளை, பிஸ்கட் தட்டைச் சுற்றி நின்றது.

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அரை நிமிடத்தில் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டும். ஒருவர் எழுந்து, "நான் மனிதர்களை மனிதர்களோடு இணைக்கிறேன்" என்றார். கிடங்குக்காரர் அவரை பஸ் கண்டக்டர் என்று நினைத்துக்கொண்டார். அடுத்து ஓர் அம்மாள், "நிறுவனங்கள் தங்களோட மௌனத்தைக் கேட்க உதவுறேன்" என்றார். இன்னொருவர் "நான் மாற்றத்தின் விளிம்புல நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோருக்கும் கைதட்டல் கிடைத்தது. கிடங்குக்காரரின் முறை வந்தது.

"வணக்கங்க. நான் மீன் கிடங்குல மேற்பார்வை பாத்துக்கிட்டிருந்தேன். மூடிட்டாங்க. எனக்கு ஒரு வேலை வேணும்."

அறை அப்படியே உறைந்தது. யாரோ ஒருவர் பிஸ்கட்டைப் பாதிக் கடியில் நிறுத்தினார். மௌனத்தைக் கேட்கும் அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். மச்சினன் தன் அட்டையையே முதல்முறை பார்ப்பதுபோலக் குனிந்து படித்தான். கெட்ட வார்த்தை பேசிவிட்டோமோ என்று கிடங்குக்காரர் திருதிருவென்று விழித்தார். பேசித்தான் இருந்தார்.

மன்றத்தின் ஒருங்கிணைப்பாளர் எழுந்தார். கோட்டு, அதன் மேல் தங்கநிற அட்டை. கோபமே இல்லாத முகம். அந்த முகத்தைப் பார்த்தாலே நாம் ஏதோ தப்பு செய்திருக்கிறோம் என்று தோன்றிவிடும்.

"புது உறுப்பினர், தெரியாம சொல்லிட்டார். மன்னிச்சுடுவோம்" என்று ஆரம்பித்தார். "அந்த வார்த்தையை நாம இங்க சொல்றதில்ல ஐயா. ஏன் சொல்றதில்ல? கேட்டா என்ன ஆகும்? எதிர்ல இருக்கறவர் ஒண்ணு குடுக்கணும், இல்ல மறுக்கணும். ரெண்டுமே அவருக்கு சங்கடம். ஒரு மனுஷரை சங்கடப்படுத்திட்டு எப்படி உறவு வளரும்? நான் ரொம்ப வருஷமா இந்த மன்றத்துல இருக்கேன். ஆயிரக்கணக்கான பேரோட எனக்கு உறவு. ஒருத்தர்கிட்டயாவது ஒரு உதவி கேட்டிருப்பேனா? கேட்டதில்ல. அவங்களும் எனக்கு எதுவும் செஞ்சதில்ல. அதனாலதான் இன்னிக்கும் நான் போன் பண்ணா எல்லாரும் எடுக்கறாங்க!"

கைதட்டல் எழுந்தது. கிடங்குக்காரரும் தட்டினார்.

"அப்ப எப்படிங்க கேக்கறது?"

"ஆலோசனை கேளுங்க. ஆலோசனை மட்டும் கேளுங்க. உலகத்துல யாரும் ஆலோசனை சொல்ல மறுத்ததில்ல. நீங்க வே... அதைத் தேடலை. உங்க வாழ்க்கையோட அடுத்த அத்தியாயத்தை ஆராய்ஞ்சுக்கிட்டிருக்கீங்க. எங்க, சொல்லுங்க பாப்போம்?"

"அடுத்த அத்தியாயத்தை ஆராயறேங்க" என்றார் கிடங்குக்காரர்.

தேநீர் நேரத்தில் அவர் ஒருங்கிணைப்பாளரிடம் போய், "நீங்க எங்கங்க வேலை பாக்கறீங்க?" என்று மரியாதைக்குக் கேட்டார். ஒருங்கிணைப்பாளர் ஜன்னல் பக்கம் திரும்பி, "நான் பல தளங்கள்ல இயங்கிக்கிட்டிருக்கேன்" என்றார். பிறகு நாலைந்து பிஸ்கட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டார். பல தளங்களில் இயங்குகிறவருக்குப் பசிக்கும் என்று கிடங்குக்காரர் நினைத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து பயிற்சி ஆரம்பமாயிற்று. மச்சினனே அவருக்கு இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தான். அதில் அவர் "குளிர்நிலைத் தீர்வுகளின் சிந்தனையாளர்" ஆனார். மீன் பெட்டி எண்ணியது "அழியக்கூடிய சொத்துகளின் தலைமைப் பாதுகாப்பு" ஆயிற்று. லாரிக்காரர்களோடு போட்ட சண்டை "பலதரப்புப் பேச்சுவார்த்தை". கிடங்கு மூடியது "ஒரு நிறைவான பயணத்தின் கனிந்த முடிவு". இரவல் கோட்டில் ஒரு படமும் எடுத்துப் போட்டார்கள்.

மனைவி வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் அதை எட்டிப் பார்த்தாள். "யாருங்க இவரு? நல்ல இடத்துல இருக்காரு போலயே. இவர்கிட்ட ஒரு வேலை கேட்டுப் பாருங்களேன்" என்றாள்.

கிடங்குக்காரர் படத்தைக் காட்டி, பிறகு தன்னைக் காட்டினார். அவள் இன்னொரு முறை பார்த்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

தினமும் காலையில் அவர் மற்றவர்களை வாழ்த்த வேண்டும். அது மன்றத்தின் விதி. யார் எதைப் போட்டாலும் வாழ்த்து. ஒருவர் நிறுவனத்தில் சேர்ந்து பல வருடம் நிறைந்துவிட்டது என்று பக்கம் தானாகவே அறிவித்தது. கிடங்குக்காரர், "தங்கள் நீண்ட பயணம் மென்மேலும் தொடர வாழ்த்துகள்" என்று எழுதினார். அந்த மனிதரை அன்று காலைதான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவரும் விதி தெரிந்தவர். "நெகிழ்ந்து போனேன், நன்றி" என்று பதில் எழுதிவிட்டு, மேஜையில் இருந்த தன் சாமான்களை அட்டைப்பெட்டியில் போடப் போனார். இன்னொருவர், தன் கார் நடுரோட்டில் நின்றுபோனதிலிருந்து தலைமைப் பண்பு பற்றித் தான் கற்ற பாடங்களை எழுதியிருந்தார். கிடங்குக்காரர் அதையும் வாழ்த்தினார். காரை யாராவது தள்ளிவிட்டார்களா என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்க அங்கே இடமில்லை.

அடுத்து ஆலோசனைச் சந்திப்புகள். முதலில் மாற்றத்தின் விளிம்பில் நிற்பவரைப் பார்த்தார். அவர் தேநீர்க் கடையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கிடங்குக்காரரின் கதையை முழுசாகக் கேட்டுவிட்டு, "உங்களை நீங்களே கண்டுபிடிக்கணும்" என்று சொன்னார். பிறகு, மனிதர்களை இணைப்பவரைப் பார்க்கச் சொன்னார். மனிதர்களை இணைப்பவர், மௌனத்தைக் கேட்கும் அம்மாளோடு இணைத்துவிட்டார். அந்த அம்மாள் இவர் பேசுவதை முழு மௌனத்தோடு கேட்டு, கடைசியில் இன்னொருவரைச் சொன்னார். அவர் வேறொருவரைச் சொன்னார். ஒவ்வொரு இடத்திலும் தேநீர் இருந்தது, ஆலோசனை இருந்தது, அடுத்த ஆளின் பெயர் இருந்தது. எல்லோரும் கிளம்பும்போது இவரிடமும் ஓர் ஆலோசனை கேட்டார்கள். இது எதற்கு என்று கிடங்குக்காரருக்குப் புரியவில்லை. மரியாதைக்குக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு, உடம்பைப் பாத்துக்குங்க என்று எல்லோருக்கும் ஒரே ஆலோசனையைச் சொன்னார்.

இந்தச் சங்கிலி ஊரெல்லாம் சுற்றி ஒரு நீல அட்டைக்காரரிடம் வந்தது. அவர் நேரில் சந்திக்கவில்லை, மின்னஞ்சலில்தான். "உங்கள் துறையில் ஓர் அபூர்வமான மனிதர் இருக்கிறார். குளிர்நிலைத் தீர்வுகளின் சிந்தனையாளர். எனக்கு நேரில் பழக்கமில்லை, ஆனால் பெரிய இடத்துத் தொடர்புகள் உள்ளவர். இருவரையும் இதன்மூலம் அறிமுகப்படுத்துகிறேன். இனி நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். மின்னஞ்சல் கிடங்குக்காரருக்கும் கிடங்குக்காரருக்கும் வந்திருந்தது.

அறிமுகத்துக்குப் பதில் போடாமல் இருப்பது மன்றத்தில் பெரும் குற்றம். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு, தங்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன், ஓய்விருக்கும்போது தேநீருக்குச் சந்திக்கலாமா என்று தனக்குத்தானே எழுதி அனுப்பினார். அந்த வாரம் ஓய்வு இருக்கவில்லை. சந்திப்பு தள்ளிப் போயிற்று.

இதற்கிடையில் மனைவிக்குக் கணுக்கால் வீங்க ஆரம்பித்தது. ஒருநாள் சாப்பிடும்போதே தட்டின் முன்னால் கண் அயர்ந்துவிட்டாள். விரலில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கிடங்குக்காரர் எழுப்பலாமா வேண்டாமா என்று தெரியாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். தன் மேலேயே அவருக்கு ஆத்திரம் வந்தது. மறுநாள் மன்றத்துக்குப் போய், முதல்முறையாக ஒருங்கிணைப்பாளரிடம் குரலை உயர்த்தினார்.

"ஆலோசனை கேட்டுக் கேட்டு எனக்கு நாக்கே தேஞ்சுபோச்சுங்க. எப்பத்தான் அந்த அத்தியாயம் வரும்?"

ஒருங்கிணைப்பாளர் அவர் தோளில் கை போட்டார். "இப்பத்தான் உங்ககிட்ட ஒரு உண்மை தெரியுது. சந்தோஷம். உங்களை ஒரு தங்க அட்டைக்காரர்கிட்ட அனுப்பறேன். மருந்துக் கிடங்கு மேலாளர். உங்க துறைக்குப் பக்கத்துத் துறை. ஆனா ஞாபகம் வச்சுக்குங்க. என்ன கேக்கணும்?"

"ஆலோசனை."

"என்ன கேக்கக் கூடாது?"

கிடங்குக்காரர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். ஒருங்கிணைப்பாளருக்குப் பரம திருப்தி.

மருந்துக் கிடங்கு ஊர் ஓரத்தில் இருந்தது. தகரக் கூரை, பெரிய இரும்பு கேட், லாரி நிற்க வாட்டமான சாய்தளம். கிடங்குக்காரருக்கு அந்த இடத்தைப் பார்த்ததுமே பழைய இடத்துக்குத் திரும்பி வந்ததுபோல் இருந்தது. மேலாளரின் அறையில் உட்கார்ந்து நலம் விசாரித்து முடிப்பதற்குள் மேஜை போன் அடித்தது.

"ரெண்டாம் ரூம்ல குளிர் குறையுதா? மேற்பார்வையாளர் எங்க? ஓ, ஆமா, அவர்தான் போயிட்டாரே" என்று சொல்லிவிட்டு மேலாளர் போனை வைத்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கண்ணுக்குக் கீழே கருவளையம். பல நாளாகத் தூங்காத முகம் எப்படி இருக்கும் என்பது கிடங்குக்காரருக்கு வீட்டிலேயே தெரிந்த விஷயம்.

அந்த மேற்பார்வையாளர் வேலை காலி என்பது கிடங்குக்காரருக்குப் புரிந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருப்பவர் ஒரு மேற்பார்வையாளர் என்பது மேலாளருக்கும் புரிந்துவிட்டது. இனி என்ன, ஒருவர் கேட்க வேண்டும், மற்றவர் சரி என்று சொல்ல வேண்டும். மன்றம் என்று ஒன்று இல்லாத ஊராக இருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

மேலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "எங்க நிறுவனத்துல இப்ப ஒரு... ஒரு வெளி உருவாகியிருக்கு."

"நான்கூட ஒரு அத்தியாயத்துக்கும் இன்னொரு அத்தியாயத்துக்கும் நடுவுலதாங்க இருக்கேன்."

"அப்படியா! ரொம்ப அருமை." மேலாளர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். "உங்ககிட்ட ஒரு ஆலோசனை கேக்கலாமா? உங்க மாதிரி அனுபவம் உள்ள ஒருத்தரை ஒரு நிறுவனம் தேடுதுன்னு வச்சுக்குங்க. எங்க போய்த் தேடணும்?"

கிடங்குக்காரருக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். "உங்க மாதிரி இடத்துலதாங்க தேட... அதாவது, எனக்கும் ஒரு ஆலோசனை வேணும். என்னை மாதிரி ஒருத்தர் உங்க மாதிரி ஒரு இடத்தை எப்படிங்க அணுகணும்?"

"நிதானமா அணுகணும். உறவை முதல்ல வளக்கணும்."

"நீங்களும் அப்படித்தாங்க. நிதானமாத் தேடுங்க. நல்ல ஆளா அமையும்."

மறுபடி போன் அடித்தது. இரண்டாம் அறையில் யாரோ கத்துவது கிடங்குக்காரர் வரைக்கும் கேட்டது. மேலாளர் அவரையே பார்த்தார். கிடங்குக்காரர் மேலாளரையே பார்த்தார். இரண்டு பேர் கண்ணிலும் கிட்டத்தட்டத் தண்ணீர். விதியை மீறாத இரண்டு நல்ல மனிதர்கள். எழுந்து, நெஞ்சாரக் கைகுலுக்கி, அட்டைகளை மாற்றிக்கொண்டார்கள்.

"அருமையான சந்திப்பு" என்றார் மேலாளர்.

"ஆமாங்க, மனசு நிறைஞ்சுபோச்சு" என்றார் கிடங்குக்காரர்.

அன்று மதியம் மன்றத்தில் அவர் இதை அப்படியே ஒப்பித்தார். மேற்பார்வையாளர் இல்லாதது, குளிர் குறைந்தது, மேலாளரின் கண் கலங்கியது, எதையும் யாரும் கேட்டுக்கொள்ளாமல் பிரிந்தது. அறையில் ஒரு பெருமூச்சு எழுந்தது. இந்த மாதத்தின் ஆழ்ந்த சந்திப்பு இதுதான் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். வெள்ளை அட்டையைக் கழற்றி நீல அட்டை குத்தினார்கள். ஒருங்கிணைப்பாளர்தான் முன்வரிசையிலிருந்து எல்லோரையும்விடக் கவனமாகக் கேட்டார். அந்த இடம் நிஜமாகவே காலிதானா என்று ஒருமுறை, மேலாளர் எத்தனை மணி வரை இருப்பார் என்று ஒருமுறை விசாரித்தார். பிறகு அவசர வேலை என்று கைதட்டல் முடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து மன்றம் கேட்டது அதுதான் முதல்தடவை. நீல அட்டை குத்தும் கலகலப்பில் யாரும் கவனிக்கவில்லை.

இரண்டு ஷிப்டுக்கும் நடுவில் மனைவி ஒரு வாய் சாப்பிட வீட்டுக்கு வருவாள். கிடங்குக்காரர் நீல அட்டையோடு நின்று அவளிடம் நடந்ததைச் சொன்னார். அவள் உட்காராமல் கேட்டாள். உட்கார்ந்தால் தூங்கிவிடுவோம் என்ற பயம்.

"இருங்க, எனக்குப் புரியல. அவர்கிட்ட ஆள் இல்ல."

"இல்ல."

"உங்ககிட்ட வேலை இல்ல."

"அந்த வார்த்தையை..."

"எந்த வார்த்தையை? ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து டீ குடிச்சுட்டு எழுந்து வந்துட்டீங்களா?"

"அடுத்து நன்றிக் கடிதம் எழுதணும். அப்புறம் அவருக்குப் பிரயோஜனமா ஒரு கட்டுரை அனுப்பணும். அப்புறம் அவரோட பிறந்தநாள் வரும். உறவு கனிஞ்சதும் தானா..."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. சுவரில் சாய்ந்துகொண்டு, "எனக்கு முடியலைங்க" என்று மட்டும் சொன்னாள். "நேத்து ஒரு குழந்தைக்கு ரத்தம் எடுக்கறப்ப நரம்பு ரெண்டா தெரிஞ்சுது. எது நெசம்னு தெரியல. அந்தக் குழந்தை என் மூஞ்சியவே பாத்துக்கிட்டிருக்கு. கேளுங்க. போய் வாயத் தொறந்து கேளுங்க."

மறுநாள் பொழுது விடிந்ததும் கிடங்குக்காரர் மருந்துக் கிடங்கின் கேட்டில் போய் நின்றார். கோட்டு இல்லை, அட்டை இல்லை. காவலாளி சாவகாசமாகப் பல் குத்திக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உள்ள மேற்பார்வையாளர் வேலை காலியா இருக்குன்னு..."

"நேத்து சாயங்காலம் வரைக்கும் காலியாத்தான் இருந்துச்சு" என்றார் காவலாளி. "கோட்டு போட்ட ஒரு ஆளு ஓடி வந்தாரு. மூச்சு இரைக்குது. மேலாளர் கார்ல ஏறப் போறாரு, குறுக்க விழுந்து அவர் கையப் புடிச்சுக்கிட்டாரு. ஐயா வேலை குடுங்க, வேலை குடுங்க, ரெண்டு வருஷமா வீட்டுல உக்காந்திருக்கேன்னு ஒரே அழுகை. நான்கூடத் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். பாவம், உடனே போட்டுட்டாங்க."

கிடங்குக்காரருக்குப் பேயறைந்ததுபோல் ஆகிவிட்டது. காவலாளியே பரிதாபப்பட்டு உள்ளே விட்டார்.

சாய்தளத்தில் இரண்டாம் அறையின் கதவு ஆளுயரத்துக்கு ஆவென்று திறந்து கிடந்தது. வெள்ளைப் புகையாகக் குளிர் வெளியே ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தோளால் தாங்கியபடி, கம்பளிச் சட்டையும் குல்லாயும் போட்டுக்கொண்டு, ஒருங்கிணைப்பாளர் போனில் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே போனால் சிக்னல் கிடைப்பதில்லை, ஆயிரக்கணக்கான உறவுகளை விட்டுவிடவும் முடியாது. "ஆமா, புது அத்தியாயம்தான். நான் தேடிப் போகலை, தானா வந்துது" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தவர், கிடங்குக்காரரைப் பார்த்ததும் போனை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"நான் மேலாளரைப் பாக்கணும்" என்றார் கிடங்குக்காரர். "வேலை கேக்க வந்திருக்கேன்."

ஒருங்கிணைப்பாளரின் முகத்தில் கோபமே இல்லை.

"இப்படி வாசல்ல வந்து நின்னு நேரடியாக் கேக்கலாமா? உங்களுக்கு எவ்வளவு சொல்லிக் குடுத்திருக்கேன். உறவு கெட்டுடும்ல?"

கிடங்குக்காரர் சொல்ல நினைத்ததைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையை வீட்டில் உரக்கப் படிக்க முடியாது. ஒருங்கிணைப்பாளரை இரண்டு தோளிலும் பிடித்து அலமாரியை நகர்த்துவதுபோல ஓர் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார். அது டப்பென்று மூடிக்கொண்டது.

சத்தம் கேட்டு மேலாளர் படியிறங்கி வந்தார். கிடங்குக்காரரைப் பார்த்து நின்றார். "நீங்களா! நேத்தெல்லாம் உங்களையேதான் நினைச்சுக்கிட்டிருந்தேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா அங்கயே குடுத்திருப்பேனே."

"நீங்க ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா அங்கயே சேந்திருப்பேனே."

"எப்படிக் கூப்பிடறது? நீங்க சிந்தனையாளர்னு போட்டிருந்தீங்க. கதவு சாத்தற வேலைக்குக் கூப்பிட்டா வருத்தப்படுவீங்கன்னு பயந்துட்டேன்." மேலாளர் குரலைத் தாழ்த்தினார். "இப்ப அவருக்கு உத்தரவும் குடுத்தாச்சு. மன்றத்துப் பெரிய மனுஷர் வேற. என்ன செய்யலாம்னு நீங்களே ஒரு ஆலோசனை..."

"ஆலோசனை இல்லீங்க" என்றார் கிடங்குக்காரர். குரல் கொஞ்சம் பிசிறியது. பழக்கம் விட்டுப்போயிருந்தது. "எனக்கு வேலை வேணும். எந்த வேலையா இருந்தாலும் சரி. இன்னிக்கே வேணும். குடுப்பீங்களா மாட்டீங்களா?"

மேலாளர் சங்கடப்பட்டார். ஒருங்கிணைப்பாளர் சொன்னது அதுவரைக்கும் உண்மைதான். சங்கடத்தில் அவர் கதவைப் பார்த்தார், கதவுக்கு வெளியே மீண்டும் போனைக் காதில் வைத்துவிட்டிருந்த தன் புது மேற்பார்வையாளரைப் பார்த்தார். பிறகு, "உதவி மேற்பார்வையாளர்னு ஒண்ணு போட்டுக் குடுக்கறேன். அவருக்குக் கீழ. சம்மதமா?" என்றார்.

"சம்மதம்."

கம்பளிச் சட்டை இன்னொன்று இருக்கவில்லை. ஒருங்கிணைப்பாளர் தன்னுடையதைக் கழற்றித் தந்தார். அவர் இனி வெளியில்தான் நிற்கப் போகிறாராம், ஒட்டுமொத்தத் தொடர்புகளைக் கவனிக்க. அதன்படியே நின்றார். மத்தியானத்துக்குள் அவருக்கு நிறைய வாழ்த்துகள் வந்துவிட்டன.

கிடங்குக்காரர் வீட்டுக்கு வந்தபோது மனைவி காலை ஷிப்ட் முடிந்து வந்து, அடுத்த ஷிப்டுக்குப் போகக் கதவருகே நின்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். செருப்பு காலில்தான் இருந்தது.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்னன்னு கேட்டீங்க? அப்படியே சொல்லுங்க."

"எனக்கு வேலை வேணும், குடுப்பீங்களா மாட்டீங்களான்னு கேட்டேன். குடுத்துட்டாங்க. சின்ன வேலைதான். அந்த ஒருங்கிணைப்பாளருக்குக் கீழ."

என்ன வேலை, என்ன சம்பளம் என்று அவள் கேட்கவில்லை. அங்கேயே தரையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

"நான்தாங்க பேசறேன். இன்னிக்கு சாயங்காலம் நான் வரலை. நாளைக்கும் வரலை. இனிமே சாயங்காலம் வர்றதா இல்ல."

அந்தப் பக்கம் ஏதோ பெரிய குரலில் கேட்டார்கள். உடம்பு சரியில்லையா, வீட்டில் ஏதாவது விசேஷமா, வேறு ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாளா, காரணத்தைச் சொன்னால்தானே மேலே எழுத முடியும்.

"காரணமா?" என்றாள் அவள். "தூக்கம் வருதுங்க."

சொல்லிவிட்டு, போனைக்கூட அணைக்காமல், பக்கத்தில் வந்து உட்கார்ந்த அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.